திரும்பி வந்த தொண்ணூறு ஜோடி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்றொரு மாநிலம். காடும் சதுப்பும் பனியும் நிறைந்த பூமி. அங்கே ஃப்ரீபோர்ட் என்ற சிற்றூரில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் கடை வைத்திருந்தார். வேட்டைக்குப் போனால் தோல் பூட்ஸ் ஊறிப்போய்ப் பாதம் விறைத்துவிடும். பீன் ஒரு வழி கண்டார். அடியில் ரப்பர், மேலே கணுக்காலைச் சுற்றித் தோல். இரண்டையும் சேர்த்துத் தைக்க வைத்தார். 1912-ல், வெளியூரிலிருந்து வந்து வேட்டை உரிமம் வாங்கியவர்களின் முகவரிகளைத் தேடியெடுத்துத் துண்டறிக்கை அனுப்பினார். திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்று வாக்கும் கொடுத்தார்.

100 ஜோடி விற்றது. 90 ஜோடி திரும்பி வந்தது. தையல் போட்ட இடத்தில் ரப்பர் தாங்காமல் தோலிலிருந்து பிரிந்துவிட்டது.

அன்றைக்கு அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சிறிய கடை, புதிய முயற்சி. ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவரோ அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கடன் வாங்கி, உறுதியான ரப்பர் அடிப்பாகம் செய்ய வைத்து, மீண்டும் விற்றார். அவர் தொடங்கிய எல்.எல்.பீன் நிறுவனம் அந்த பூட்ஸை இன்றும் மெய்னிலேயே தைக்கிறது.

மலைக்கும் காட்டுக்கும் பொருள் செய்கிறவர்களிடம் இந்தக் குணத்தை அதிகம் காண்கிறேன். வெர்மான்ட்டில் காலுறை பின்னும் டார்ன் டஃப் என்ற நிறுவனம், ஓட்டை விழுந்தால் காலக்கெடு பார்க்காமல் வேறு ஜோடி தருகிறது. படகோனியா நிறுவனம் நெவாடாவின் ரீனோ நகரில் பெரிய பழுதுபார்க்கும் பட்டறையே நடத்துகிறது. காரணம் விளங்காததல்ல. மலையேறிய மூன்றாம் நாள் பையின் வார் அறுந்தால் அங்கே கடை ஏது? அந்தத் தையலை நம்பித்தான் ஒரு மனிதர் தனியே போகிறார். இன்னொன்றும் உண்டு: திரும்பி வரும் பொருள்தான் செய்தவருக்கு வாத்தியார். எந்த இடம் பலவீனம் என்று அது காட்டிக்கொடுக்கும். பீனுக்கு அந்த 90 ஜோடி சொல்லிக்கொடுத்ததைப் பத்து வருட அனுபவம் சொல்லியிருக்காது.

இனி என் கதை. பாஸ்டனில் மகள் வீட்டில் பனிக்காலங்களைக் கழித்தபோது, மருமகன் எனக்கு அந்த பீன் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். பல வருடம் நடந்தேன். அடி வழவழவென்று தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், “ஐயா, இதைக் கொண்டுபோய்க் கொடுங்க, கேள்வி கேக்காம புதுசு தருவாங்க” என்றார். அப்போது அந்த நிறுவனத்தில் திருப்பிக் கொடுக்கக் காலவரம்பே கிடையாது. ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் இரவில் பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தோல் நன்றாக இருந்தது, தையல் ஒன்றுகூட விடவில்லை. தேய்ந்திருந்தது என் நடையால். அதை அவர்கள் குறை என்று நான் எப்படிச் சொல்வேன்? காசு கொடுத்தால் பழைய தோலிலேயே புது அடி தைத்துத் தருவார்கள் என்று மகள் சொன்னாள். அப்படியே அனுப்பினோம்.

2018 பிப்ரவரியில் அந்த நிறுவனம் தன் பழைய வாக்கைச் சுருக்கிக்கொண்டது. இனி பொருளைத் திருப்பிக் கொடுக்க ஓராண்டுக்குள், வாங்கியதற்கான சான்றோடு வரவேண்டும். அதற்குப் பிறகு தயாரிப்பில் குறை இருந்தால் மட்டும் பார்க்கப்படும். ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்ந்ததையும், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமானாக விற்றதையும் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துப் பணம் கேட்டவர்கள் பெருகிவிட்டார்கள். ஐந்தாண்டில் 25 கோடி டாலர் நஷ்டம் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. 90 பேர் ஒரே சமயத்தில் திருப்பிக் கொடுத்தபோது உடையாத வாக்கு அது. அவர்கள் நியாயமாகக் கேட்டார்கள், அதனால் அது வளர்ந்தது. நியாயமில்லாமல் கேட்டவர்கள் கைபட்டதும் தேய்ந்தது. யோக்கியமாக நடந்தவர்களுக்கும் சேர்த்தே அந்தக் கதவு சாத்தப்பட்டது.

பிள்ளைகளே, வாக்குக் கொடுத்தவரைத்தான் நாம் எப்போதும் சோதிக்கிறோம். வாங்கிக்கொண்டவருக்கும் அதில் பாதிப் பொறுப்பு உண்டு. ஒருவர் தாராளமாக நீட்டும் கையில் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்காதீர்கள். நமக்கு எவ்வளவு சேரும் என்று பாருங்கள். கடையில் மட்டுமல்ல, கடன் கொடுத்த அண்ணனிடமும், கேட்டபோதெல்லாம் உதவும் பக்கத்து வீட்டாரிடமும் இதே கணக்குத்தான்.

புது அடி போட்ட அந்த பூட்ஸ் பாஸ்டனில் வாசலோரம் இருக்கிறது. இப்போது என் பேரன் அதைப் போட்டுக்கொண்டு பனியில் நடக்கிறான்.