இன்னும் இரண்டு

புதுப் பெயின்ற் அடிப்பதைவிடப் பழைய பெயின்ரை உரிப்பது மூன்று மடங்கு வேலை. றேடியோவால் இயங்கும் மொடல் விமானங்களோடு பதினைந்து வருடமாக மாரடிக்கிறவன் என்ற முறையில் இதைத் துணிந்து சொல்லலாம்.

போன ஒக்ரோபரில் லெஸ்டருக்கு வெளியே எங்கள் கிளப்காரர்கள் பழைய சாமான்களை விற்று வாங்கிய நாளில், ஒன்றை மலிவாக வாங்கினேன். இறக்கைகள் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூட. உடல் பைபர்கிளாஸ், இறக்கைகள் நுரைக்கட்டையின் மேல் மெல்லிய பல்சாப் பலகை ஒட்டியவை. கதவுக்குப் பூசும் சிவப்புத் தண்ணிப் பெயின்ரை யாரோ தூரிகையால் அள்ளிப் பூசியிருந்தார்கள். ஆனால் அந்தச் சிவப்புக்கு அடியில் விரலால் தடவினால் ஆணித்தலைகள் தட்டுப்பட்டன. முதலில் இதைக் கட்டியவர் ஊசிமுனையால் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஆயிரக்கணக்கில் ரிவெற் செய்திருந்தார். அந்த மனிதரின் பொறுமைக்காகத்தான் வாங்கினேன். இத்தாலிய விமானம், பறக்க நன்றாக இருக்கும் என்றார் விற்ற கிழவர். உதிரிகள் என்று ஒரு பையும் தந்தார். அதை நான் அன்று திறக்கவில்லை.

உரிக்கும் ஜெல்லைப் பூசினால் சிவப்பு பத்து நிமிடத்தில் கழன்றுவிடும். கூடவே பைபர்கிளாசின் மேற்தோலையும் அது தின்னும். இறக்கையில் ஒரு வெடிப்பு வழியே உள்ளே போனால் நுரை கரைந்து குழியாகிவிடும். அரத்தாள் போட்டால் ரிவெற்றுகள் போய்விடும். மிஞ்சியது ஐசோபுரோபைல் அற்ககோல். துணியை நனைத்து, உள்ளங்கை அகலத்துக்குப் போர்த்தி, சமையலறைப் பிளாஸ்ரிக் தாளால் மூடி ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். பிறகு காலாவதியான வங்கி அட்டையால் மெல்ல வழித்தால், சிவப்பு பால் ஆடை மாதிரிச் சுருண்டு வரும். கீழே இருந்தது இரண்டு கலவைப் பெயின்ற். அற்ககோலுக்கு அது அசையாது. வழித்ததையெல்லாம் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் சேர்த்து நிறுத்துப் பார்த்தேன். முந்நூறு கிராமுக்கு மேல். வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்துத்தான் சமன் செய்யவேண்டும். இந்தப் பிளேன் எப்படித்தான் பறந்ததோ.

நாலாவது நாள் வாலில் எழுத்துகள் வெளிவந்தன. சியாய் மார்கெற்றி. வாய்விட்டு வாசித்தேன். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் காதில் விழுந்தது: சியாமாசெட்டி.

இவ்வளவு காலம் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எஸ்.எஃப்.260 என்றால் எனக்குத் தெரியும். ஸ்ரெலியோ ஃபிராத்தி வடிவமைத்தது, 1964இல் முதலில் பறந்தது, 260 குதிரைவலு, பக்கத்தில் பக்கமாக இருவர் இருந்து ஓட்டுவது. மொடல்காரர்கள் வடிவுக்காகவே விரும்பும் விமானம். சியாமாசெட்டியையும் தெரியும். சின்ன வயதில் அதை ஒரு செட்டியாருடைய பிளேன் என்றே நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்தது ரேபோபுரொப் இயந்திரம் வைத்த வகை, அதற்கு மூக்கு நீளம், என்னுடையது அதுவல்ல என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பையைத் திறந்தேன். பழந்துணியில் சுற்றி, சுறா மாதிரி வழவழப்பான இரண்டு உருளைகள். இறக்கை நுனிகளில் பொருத்துபவை.

1990இல் கோட்டைச் சண்டை நடந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் பங்கர் பின்வளவில், பனங்குற்றியும் மண்மூட்டையும் போட்டது. வாசலோரம் இருப்பது என் இடம். கண் கூர்மையானவன் என்று எனக்குப் பெயர். "சுத்துறான், பதியிறான்" என்று உள்ளே அறிவிப்பது என் வேலை. குண்டுகள் விழுந்த பிறகும் இறக்கை நுனிகளில் இரண்டு தொங்கிக்கொண்டே இருக்கும். "இன்னும் ரெண்டு இருக்கு" என்பேன். யாரும் வெளியே போகமாட்டார்கள். அந்த இரண்டையும் அவர்கள் ஒருநாளும் போட்டதில்லை. ஏன் என்று நான் யோசித்ததுமில்லை.

ஒருநாள் பின்னேரம் அடுத்த வளவில் விழுந்தது. புகைக்குள்ளிருந்து ஆச்சி கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. அப்பா எழும்பினார். பிளேன் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்துச் சொன்னேன். அம்மா அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினா. சத்தம் தூரப் போய், வேலி பிரித்து அப்பா போய்ச் சேர்ந்தபோது ஆச்சி கூப்பிடுவதை நிறுத்தியிருந்தா.

தேத்தண்ணியோடு கராஜுக்கு வந்த அம்மா, மேசையில் கிடந்ததைக் கண்டதும் நின்றுவிட்டா. பெயர் சொல்லத் தேவைப்படவில்லை.

"இந்தக் குண்டு ரெண்டையும் ஏன் வச்சிருக்கிறாய்?"

"குண்டில்லை அம்மா. பெற்றோல் ராங்க். குண்டு இறக்கைக்குக் கீழதான் தொங்கிறது. இது கழராது."

அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பாரமில்லாததைப் பாரமானதுபோலப் பிடித்திருந்தா.

"அப்ப, போட்டு முடிச்சிட்டுத்தான் சும்மா சுத்தினவங்களோ?"

"தெரியேல்லை. திரும்பி வந்து சுட்டிருக்கவும் கூடும்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"கொப்பருக்கு இது தெரியாமலே போயிட்டுது. நல்லது." ராங்கைத் துணியில் சுற்றி முன்பிருந்த மாதிரியே வைத்தா. "நீ சின்னப்பிள்ளை. கண்டதைத்தானே சொன்னனி." வாசலில் நின்று திரும்பிக் கேட்டா: "என்ன நிறம் அடிக்கப் போறாய்?"

மகள் மஞ்சள் என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள். மஞ்சள் சொன்னபடி கேட்காத நிறம். கீழே இருப்பதை மறைக்காது. அதனால் முதலில் வெள்ளை, பிறகு மெல்லிய படைகளாக மஞ்சள். ஒரேயடியாய்த் தடித்து அடித்தால் ரிவெற்றுகளைச் சுற்றிக் குளம் கட்டும். வாலிலிருந்த எழுத்துகளைப் படம் எடுத்து வைத்துவிட்டு அவற்றின் மேலும் அடித்தேன். திரும்ப எழுதவில்லை. ரிவெற்றுகள் எல்லாம் தப்பின, ஏறக்குறைய.

மே மாதம் பறந்தது. அம்மா வயலுக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. தரையோடு ஒட்டிப் பறக்கவிடு என்று கிளப்பில் பெடியன்கள் கேட்டார்கள். நான் உயரத்திலேயே வைத்திருந்தேன். இறங்கியதும் ஒருவர் சுற்றிவந்து பார்த்து, வேலை சுத்தம், ஆனால் நுனி ராங்குகளை மறந்துவிட்டாய், போட்டியில் புள்ளி வெட்டுவார்கள் என்றார். காயவில்லை என்று சொன்னேன்.

வெள்ளை மட்டும் அடித்து, கம்பியில் கோத்தபடி, இரண்டும் கராஜ் கூரையில் தொங்குகின்றன.