கேள்விப்பத்திரமும் மக்கள் கேள்வியும்

எங்கள் புத்தளம் கடற்கரையில், நிறுவையில் ஏமாற்றிய வியாபாரிக்கு மனமுவந்து மீண்டும் மீன் கொடுப்பார் எவருமில்லை. கடன்பட்டவன் மட்டுமே வேறு வழியின்றிக் கொடுப்பான். ஒரு நாட்டின் நிலையும் அதுவாகிவிடலாமா என்பதே என் கேள்வி.

பிலிப்பைன்ஸ் வீதித் திட்டமொன்றின் கேள்விப்பத்திர மோசடிக்காக 2009இல் ஒரு சீன நிறுவனத்துக்கு உலக வங்கி தடை விதித்தது. 2011இல் அத்தடை, அதன் வழிவந்த பெருநிறுவனத்துக்கும் துணை நிறுவனங்களுக்கும் விரிந்து, 2017 ஜனவரி வரை நீடித்தது. அத்துணை நிறுவனங்களுள் ஒன்று சைனா ஹாபர். அம்மோசடியை இதுவே செய்தது என நான் கூறவில்லை. ஆயினும் தடை நடப்பிலிருந்த 2014இலேயே கொழும்புத் துறைமுக நகரம் அதன் கைக்குச் சென்றது. தடை நீங்கியபின் எங்கள் அருவக்காட்டுக் குப்பைத் திட்டமும் சென்றது.

உலக வங்கியின் தடை இலங்கை அரசைக் கட்டுப்படுத்தாது என்பர். உண்மைதான். பின் அரசைக் கட்டுப்படுத்துவது எது? அமெரிக்காவின் 1936ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கூலியிலும் வேலைநேரத்திலும் விதிமீறிய ஒப்பந்தக்காரரை மூன்றாண்டுகள் அரசுப் பணியிலிருந்து விலக்க வழிசெய்தது. முதலாளித்துவத்தின் தலைநாடே ஏற்றுக்கொண்ட நியாயம் நமக்கு மட்டும் ஆகாதோ?

2018இல் குப்பைக்கெதிராகப் புத்தளம் மக்கள் வீதிக்கு வந்தனர். எங்கே கொட்டுவது எனக் கேட்ட அக்குரல், யாரிடம் கொடுப்பது என்றும் கேட்கவேண்டும். வரிப்பணம் உழைப்பவன் வியர்வை. சட்டத்தை மிதித்தவனுக்கு அது சன்மானமாகலாகாது.