ஒரு பெயரும் அதன் காவலரும்

ஆங்கிலேயர் குடிப்பெயர்களுள் மிக அருகி வழங்குவனவற்றுள் 'பெதர்ஸ்டன்ஹா' என்பதும் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிப்பார் நாவை வருத்தும் இந்நெடும்பெயரை, அதற்குரியார் பலர் 'பான்ஷா' என்றே ஒலிப்பர் என யாம் அறிந்தபோது, நன்னூலார் கூறும் மரூஉ வழக்கு எம் நினைவிற்கு வந்தது. சோழநாடு சோணாடு ஆயிற்றன்றோ? அது போல்வதே இதுவும். ஆயின், தமிழர் மருவியதை மருவியவாறே எழுதினர். ஆங்கிலேயரோ நாவிற் குறைத்ததனை ஏட்டிற் குறைத்திலர்.

அங்ஙனம் குறையாமை நன்றே ஆயிற்று. எழுத்து நிலைபெற்றமையால், பெயரின் வேர் இன்றும் புலனாகின்றது. இங்கிலாந்தின் வடகோடியாகிய நார்தம்பர்லாந்தில், தென் டைன் ஆற்றின் கரையில், பெதர்ஸ்டன் என்னும் இடம் உளது. 'பெதர்' என்பது இக்கால ஆங்கிலத்தில் இறகு. இப்பெயரிலோ, நான்கு என்னும் பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல் என்பர் அறிஞர். 'ஸ்டன்' என்பது கல். 'ஹா' என்பது ஆற்றோரத்துச் சமநிலம். ஆகவே, நாற்கல் நின்ற ஆற்றங்கரை நிலத்தார் என்பதே இக்குடிப்பெயரின் பொருளாம்.

இனி, அக்குடியாருள் ஒரு கிளையின் வரலாறு கேண்மின். சர் மாத்யூ பெதர்ஸ்டன்ஹா என்பார் 1747-இல் சஸ்ஸெக்ஸில் 'அப்பார்க்' என்னும் மாளிகையை வாங்கினார். அவர்தம் மைந்தர் சர் ஹாரி, எழுபது வயது கடந்தபின், 1825-இல், தம் பாற்பண்ணையில் ஊழியஞ்செய்த மேரி ஆன் புல்லக் என்னும் நங்கையை மணந்தார். பட்டத்திற்குரிய மைந்தரின்றி 1846-இல் மறைந்தார். மாளிகை மனைவியார்க்கும், அவர்க்குப்பின் அவர்தம் தங்கையார் பிரான்சிஸுக்கும் உரியதாயிற்று. தங்கையாரோ தம் பிறப்புப்பெயரை விடுத்துப் பெதர்ஸ்டன்ஹா என்னும் பெயரையே பூண்டார். பின்னர் அம்மாளிகையை எய்தினோரும் அப்பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டனர். அக்குடியிற் பிறவாதார் அக்குடியின் பெயரைக் காத்தனர்!

தமிழராகிய எம்மிற் பலர்க்குக் குடிப்பெயர் இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தே உண்டு. எம் பாட்டனார் பெயர் எந்தையார் கையொப்பத்தில் ஓரெழுத்தாய் நிற்கின்றது; எம் கையொப்பத்தில் அவ்வோரெழுத்தும் இல்லை. பாட்டனாரின் தந்தையார் பெயரை எம் இல்லத்தில் அறிந்தவர் இன்று முதுமையுற்ற பாட்டியார் ஒருவரே. அவரும் அக்குடியிற் பிறந்தவர் அல்லர், மருமகளாய் வந்தவர். வரும் விடுமுறையில் அவர்பாற் கேட்டு, அப்பெயரை ஓரெழுத்தும் குறையாது எழுதிவைப்போம்.