இரு துவிச்சக்கர வண்டிகள்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனக் குழுவினர் பணித்தபொழுது, கல்லூரி வாழ்வோடு தொடர்புடைய எப்பொருள் பற்றியும் எழுதலாம் என்ற சலுகையையும் உடன் தந்திருந்தனர். ஆசிரியப் பெருமக்களின் அருமை பற்றியும், துடுப்பாட்ட வெற்றிகள் பற்றியும், ஞானவைரவர் சந்நிதியில் திருநீறணிந்து நின்ற காலைகள் பற்றியும் எம்மினும் வல்லார் எழுதுவர். யாம் எழுதப் புகுந்தது துவிச்சக்கர வண்டிக் கொட்டகையில் தொடங்கும் ஒரு செய்தி.

1961ஆம் ஆண்டு கொக்குவிலிலிருந்து வண்ணார்பண்ணைக்கு நடந்து வந்து கல்வி பயிலத் தொடங்கினோம். எட்டாம் வகுப்பை அடைந்தபொழுது தந்தையார் தம்முடைய றலி வண்டியை எமக்குத் தந்தார். 1954இல் வாங்கியது, கறுப்பு நிறம், இருபத்தெட்டு அங்குலச் சில்லு. அதற்கு முன்னரே, ஒழுங்கையில் பாரின் கீழே வலக் காலை நுழைத்து, உடலை ஒரு புறம் வளைத்து, முழங்காலை வேலியிற் பலகாற் கிழித்து அதனை ஓட்டக் கற்றிருந்தோம் என்பதைத் தந்தையார் அறியார் என்றே அப்பொழுது எண்ணியிருந்தோம்.

கொட்டகையில் வண்டிகளை அடையாளங்காணுதல் அக்காலத்து மாணவருக்கு ஒரு தனிக் கலை. றலியின் பற்சில்லில் நாரைத் தலைகள் மூன்று வெட்டப்பட்டிருக்கும். றட்ஜ் வண்டிக்கு விரித்த கை. ஹம்பருக்கு ஓடும் மனித உருவங்கள். அதன் முன் கவையும் இரட்டைக் குழாயாலானது. ஹம்பர் வைத்திருந்தவன் அதனைத் துடைக்கும்பொழுது அருகில் நிற்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். வடமராட்சியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த நண்பர் சிலர் வெள்ளி மாலை ஊருக்குப் புறப்படுவர். சோழகம் வீசும் மாதங்களில் வல்லை வெளியில் காற்றே அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஞாயிறு மாலை அதே வெளியில் இறங்கி உருட்டிக்கொண்டு வருவர். குடாநாட்டில் மலை இல்லை. எனினும் ஏற்றம் என்றால் இன்னதென்று வல்லை வெளியைக் கடந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலையைப் பற்றிப் பேச நேர்ந்ததற்கு எம் பேரனே காரணம். சென்ற ஆண்டு நல்லூர்க் கொடியேற்றத்துக்கு எம் மகள் ரொறன்ரோவிலிருந்து வந்தாள். உடன் வந்த பதினெட்டு வயதுப் பேரன், ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த அட்டைப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தான். பெட்டியினுள்ளே ஒரு மலைத் துவிச்சக்கர வண்டி. வரைபடத்தில் கீரிமலை என்ற பெயரைக் கண்டு, அங்கு ஏதோ குன்று இருக்கின்றது என நம்பிச் சுமந்து வந்திருக்கின்றான்! கீரிமலையில் உள்ளது கடலோரத்துக் கேணி என்பதை அவனுக்கு எடுத்துச்சொல்லும் கடமை எம்மைச் சேர்ந்தது. அவன் சிரித்துவிட்டான். நல்ல பிள்ளை.

இவ்வகை வண்டியின் வரலாறு சுவையானது. கலிபோர்ணியாவில், தமல்பாயஸ் மலைப் பக்கத்தில், 1970களில் சில இளைஞர் பழைய தடித்த சில்லு வண்டிகளைத் தேடியெடுத்து, காட்டுப் பாதைகளில் மேலிருந்து கீழே ஓட்டிவந்தனர். 1976இல் அதனைப் பந்தயமாகவே நடத்தினர். பின் சில்லின் குடத்துக்குள் இருந்த தடுப்பு, இறக்கத்தில் சூடேறி, உள்ளிருந்த கிறீஸ் முழுவதும் புகையாகிப் போகும். ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னரும் புதிதாக அடைக்க வேண்டியிருந்தமையால், மீண்டும் அடைத்தல் எனப் பொருள்படும் 'றீபக்' என்ற பெயரே அப்பாதைக்கு நிலைத்தது. பழைய இரும்பைத் தேடி எடுத்தவர்களின் விளையாட்டு இன்று காபன் நாரில் வந்து நிற்கின்றது. எம் பேரன் கோடையில் வன்கூவருக்கு வடக்கே உள்ள விசிலர் மலைக்குப் போவானாம். அங்கே இழுவை நாற்காலி வண்டியையும் ஆளையும் உச்சிக்கு ஏற்றிவிடும். பிறகு பாறையும் வேரும் நிறைந்த பாதையில் இறங்குதல் மட்டுமே. இறங்குவதற்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தை எம் தந்தையார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அறியோம்.

முற்றத்தில் அவன் வண்டியைப் பூட்டியபொழுது அயலவர் வேலியோரம் கூடிவிட்டனர். சட்டகம் இரும்பன்று. தலைமயிரினும் மெல்லிய காபன் நார்களைப் படுக்கை படுக்கையாக அடுக்கிப் பிசினால் இறுக்கியது. நார் ஓடும் திசையில் வலிமை மிகுதி. பனை வளையில் வைரம் நீளப்பாட்டில் நிற்பதை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. முன் கவையிலும் சட்டகத்தின் நடுவிலும் காற்றடைத்த அதிர்வு தாங்கிகள் இரண்டு. சில்லு ஆறு அங்குலம் வரை மேலெழுந்து தாழும். எல்லாம் சேர்த்துப் பதினான்கு கிலோ. எம் றலியோ இருபதுக்குக் குறையாது. விலையை மகள் எம் காதில் மாத்திரம் சொன்னாள். அயலவர் கேட்டிருந்தால் அன்றிரவு படலைக்கு இரண்டாவது பூட்டு வேண்டியிருக்கும்.

"அம்மப்பா, நீங்கள் ஒருக்கா ஓடிப் பாருங்கோ" என்றான். எழுபத்தைந்து வயதில் இது வேண்டுமா என மகள் தடுத்தாள். அவன் எம் நிறையைக் கேட்டு, முகப்பு வைத்த சிறு பம்பினால் தாங்கிகளின் காற்றைக் குறைத்தான். ஆள் ஏறி அமர்ந்தவுடன் தாங்கி தன் நீளத்தில் காற்பங்குக்குச் சற்று மேலாகத் தாழ வேண்டும், அதுவே கணக்காம். ஒழுங்கையில் ஓடினோம். மழைநீர் அரித்த பள்ளமும், வேர் எழுந்த மேடும், மதகருகே பெயர்ந்து கிடக்கும் கல்லும் எமக்கு இருட்டிலும் தெரிந்தவை. அவை வந்தன, போயின. இருக்கையில் அமர்ந்திருந்த உடம்புக்கு எட்டவில்லை. மதகைக் கடந்தபின் திரும்பிப் பார்த்தோம், கல் அங்கே கிடக்கின்றதா என்று. கிடந்தது.

"தாங்கி மட்டுமில்லை அம்மப்பா, ரயரிலை காத்தும் குறைவு. இறுக்கி அடிச்சால் ஒவ்வொரு கல்லும் ஆளுக்குத்தான் அடிக்கும்" என்றான் பேரன்.

அச்சொல் எம்மை எங்கே கொண்டுபோயிற்று என்பதை அவன் அறியான். ஈண்டு அதனைச் சொல்லியாக வேண்டும்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் மின்கலமும் தடுக்கப்பட்டன. அதன் பின்னர் இங்கே ஓடியவை பெரும்பாலும் துவிச்சக்கர வண்டிகளே. விறகும், நோயாளியும், சவப்பெட்டியும் அவற்றிலே சென்றன. கிளாலிக் கடனீரேரியில் வள்ளமேறி வன்னிக்குப் போனோர் வண்டியையும் உடன் ஏற்றினர். இரவில் வண்டியை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ தரும் மின்னில் வானொலிச் செய்தியை ஒழுங்கை முழுவதும் சூழ நின்று கேட்கும். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைக்கும். எம் றலியும் அவ்வூழியத்தைச் செய்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் மாலை, வலிகாமத்தை விட்டு அனைவரும் வெளியேற வேண்டுமென ஒலிபெருக்கி அறிவித்துச் சென்றது. தந்தையார் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அன்னையாருக்கு எழுபத்திரண்டு வயது. முள்ளந்தண்டு நோவினால் நடக்கவியலாதவர். கரியரில் சாக்கை மடித்துப் போட்டு, மேலே தலையணை ஒன்றைக் கட்டினோம். வழியில் காற்றுப் போனால் ஒட்டுப் போட இடமிராது என அஞ்சி, இரண்டு ரயருக்கும் கல்லாகும் வரை காற்றடித்தோம். எம் மனைவி பொதிகளோடு நடந்தாள். பதினான்கு வயது மகள் தன் சிறு வண்டியில் அரிசியும் பானையும் கட்டி உருட்டினாள்.

செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரை தெருவில் கால் வைக்க இடமில்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே திசையில் நகர்ந்தனர். மழை. ஓட்ட வழியில்லை, அன்னையாரை இருத்தியபடியே உருட்டினோம். ஒரு காலடிக்கு ஒரு நாழிகை போலச் சென்றது. "மோனை, என்னை இறக்கிவிடு, நான் மெல்ல வாறன்" என்று இருமுறை சொன்னார். பாலத்தை அணுகுகையில் முன் சில்லு இருட்டில் ஒரு குழியில் விழுந்தது. முன் கவை பின்னோக்கி வளைந்தது. அன்னையார் வாயிலிருந்து ஒரு சிறு ஒலி எழுந்தது, அழுகையன்று. பின்னர் சாவகச்சேரி வரை அவர் எதுவும் பேசவில்லை. மீசாலையில் உறவினர் வீட்டில் படுத்தவர் எழுந்து அமரவே இல்லை. 1996 தை மாதத்தில் அங்கேயே காலமானார். யாம் கொக்குவிலுக்குத் திரும்பிய பொழுது வண்டி திரும்பியது; அவர் திரும்பவில்லை.

இவ்வளவு காலமும் அக்குழியையே நொந்துகொண்டிருந்தோம். காற்றை நினைத்ததில்லை. கல்லாகும் வரை அடித்தது எம் கையே அன்றோ?

இதனை எவரிடமும் சொல்லாது நான்கு நாள் கழிந்தன. இதற்கிடையில் பேரன் மணற்காட்டுக்குப் போக விரும்பினான். வாடகை வான் ஒன்றில் வண்டியை ஏற்றிச் சென்றோம். மணல் மேட்டில் அந்த விலையுயர்ந்த சில்லு எருமை போலப் புதைந்தது. மணலில் மூழ்கிய பழைய தேவாலயத்தின் சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் வலிகாமம் வடக்கில் சுண்ணக்கல் அகழ்ந்து கைவிட்ட குழியொன்றின் சரிவைக் கண்டுபிடித்து மூன்று முறை இறங்கினான். நான்காம் முறை விழுந்தான். முழங்கை உரிந்தது, அதனை அவன் பொருட்படுத்தவில்லை. சட்டகத்தின் கீழ்க் குழாய் கல்முனையில் அடிபட்டிருந்ததே அவன் கவலை. இரும்பு அடிபட்டால் நெளியும், கண்ணுக்குத் தெரியும். காபனோ மேலே ஒரு கீறலோடு நின்று, உள்ளே படுக்கை பிரிந்திருக்கவும் கூடும். பிறகொரு நாள் திடீரென முறியும்.

எம் ஊரில் நாற்பது ஆண்டுகளாக வண்டி திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் காபன் வண்டியைக் கண்டதில்லை. சற்று நேரம் சுற்றிவந்து பார்த்தார். பின்னர் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, குழாயின் மேலிருந்து விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டு வந்தார். சந்தையிற் பானை வாங்கும் பெண்கள் செய்வது அதுவே. டிக், டிக் என்று வந்த ஒலி, கீறலுக்கு நான்கு விரல் கீழே மந்தமாகியது. மறுபடி தட்டினார். "தம்பி, இந்த இடத்திலை சத்தம் செத்துப்போய்க் கிடக்கு. இதை ஓடாதேங்கோ" என்றார். பேரன் வியந்தே போனான். காபன் சட்டகத்தை நாணயத்தால் தட்டிச் சோதிக்கும் முறை கனடாவிலும் உண்டாம். திரும்பிச் சென்றபின் அங்குள்ள கடையினரும் அவ்விடத்தையே காட்டினர் எனத் தொலைபேசியில் தெரிவித்தான்.

திருத்துநர் பிறகு எம் றலியின் முன் கவையைத் தொட்டார். வளைந்ததை 1996இல் நிமிர்த்திப் பித்தளை ஒட்டு வைத்தவர் அவரே. "இது இன்னும் நிக்குது பாருங்கோ, ஐயா" என்றார். அப்பொழுது கேட்டுவிட்டோம்: அன்றிரவு ரயரில் காற்றைக் குறைத்திருந்தால் அன்னையாருக்கு அடி குறைந்திருக்குமா? பேரனும் நின்றுகொண்டிருந்தான்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்தார். "கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஆனா அந்தப் பாரத்தோடை அந்தக் குழியிலை றிம் நெளிஞ்சு ரியூப் வெட்டியிருக்கும். பாலத்திலை வைச்சு அம்மாவை என்ன செய்திருப்பியள்?" என்றார்.

அவ்விடையை யாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். சரியாகவே தோன்றுகின்றது. எப்பொழுதும் அப்படித் தோன்றுவதில்லை.

காபன் வண்டி மீண்டும் பெட்டிக்குள் புகுந்தது. எஞ்சிய நாட்களில் பேரன் றலியையே எடுத்தான். முதல் நாள் தடுப்பைப் பிடிக்கத் தெரியாது வேலியில் மோதினான். தேருக்கு முதல் நாள் மாலை, வேட்டி உடுத்து வந்து, கரியரில் சாக்கை மடித்துப் போட்டு, மேலே தலையணை ஒன்றைக் கட்டினான். யாம் அவனுக்கு அதனைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னர் ரயரை விரலால் அழுத்திப் பார்த்து, சிறிது காற்றைத் திறந்து விட்டான். எம் மகள் ஏறி அமர்ந்தாள். நல்லூருக்குப் புறப்பட்டனர். படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மதகருகே வண்டி சற்றுத் தயங்கிற்று. "டேய், மெதுவாய்" என்று அவள் சொன்னது கேட்டது.