திரும்பி வராத ராஜினாமா கடிதம்



மான்செஸ்டரில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா? "சார், மான்செஸ்டர் யுனைடெட் மைதானம் பாத்தீங்களா?" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள்! வெளியில் நின்று பார்த்தேன். டிக்கெட் விலையைக் கேட்டதும் உள்ளே போகும் ஆசை போய்விட்டது. பேரன் என்னை வேறொரு மைதானத்துக்கு அழைத்துப் போனான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

மான்செஸ்டரில் இருந்து வடக்கே ரயிலில் போனால் ஆக்ரிங்டன் வரும். ஒரு காலத்தில் பருத்தி ஆலையும் செங்கல் சூளையுமாக இருந்த சின்ன ஊர். அந்த ஊர் கால்பந்து கிளப்பின் பெயர் ஆக்ரிங்டன் ஸ்டான்லி. ஸ்டான்லி என்பது யாரோ பெரிய மனிதர் என்று நினைத்தேன். இல்லை, தெருப் பெயராம்! 1891-இல் ஸ்டான்லி தெருப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது.

அந்த ஊரில் அதற்கு முன்பே 'ஆக்ரிங்டன்' என்று இன்னொரு கிளப் இருந்தது. 1888-இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது சேர்ந்த பன்னிரண்டு அணிகளில் அதுவும் ஒன்று. ஐந்தே வருடத்தில் லீக்கை விட்டு விலகி, பிறகு காணாமலே போனது. இரண்டையும் பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்டான்லி 1921-இல் லீக்குக்குள் வந்தது. 1955-இலும் 1958-இலும் தன் பிரிவில் இரண்டாம் இடம். முதலிடம் வந்தால்தான் மேலே ஏற முடியும் என்பது அந்தக் கால விதி. ஒரு இடத்தில் கோட்டை விட்டவனின் வலி உங்களில் சிலருக்குத் தெரியும்!

அப்புறம்தான் கஷ்ட காலம். பக்கத்து ஊர் பர்ன்லி 1960-இல் இங்கிலாந்தின் சாம்பியனே ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் பஸ் ஏறி அங்கே போகாமல் என்ன செய்வார்கள்? இதற்கிடையில் ஸ்டான்லிக்காரர்கள் வேறோர் ஊரில் இருந்து பழைய கேலரி ஒன்றை மலிவாக வாங்கினார்கள். அதைப் பிரித்து, ஏற்றிவந்து, மறுபடி நிறுத்துவதற்கு வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு செலவு. பழைய வீட்டின் ஓடும் மரமும் வாங்கிப் புது வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். 1962 மார்ச்சில் கடன் சுமார் 60,000 பவுண்டு. நிர்வாகிகள் மனம் உடைந்து, லீக்கில் இருந்து விலகுகிறோம் என்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு உதவி கிடைக்கும் என்று தெரிந்தது. உடனே, கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று கெஞ்சினார்கள். லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் ஒத்துக்கொள்ளவில்லை. கடிதம் கடிதம்தான். அந்தப் பருவத்தில் அவர்கள் ஆடியிருந்த 33 ஆட்டங்களும் கணக்கில் இருந்தே அழிக்கப்பட்டன. வருகைப் பதிவேட்டில் ஒரு பையனின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது போல. கீழ்மட்டப் போட்டிகளில் நான்கு வருடம் தள்ளாடி, 1966-இல் கிளப் மூடப்பட்டது.

இதை மகன் ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தபோது நான் பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா?" என்றான். அவனுக்கும் நான் அதுவரை சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருடம். ஆய்வுக்கு வந்த ஒருவர், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் என்னை ஒருமையில் பேசிவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. மாலையிலேயே ராஜினாமா எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. வீட்டில் கைக்குழந்தை வேறு. திங்கள் காலை பிரேயர் முடிந்ததும் அவர் கூப்பிட்டார். "என் மேசையில ஏதோ காகிதம் கிடந்தது தம்பி. உங்களுதான்னு பாருங்க" என்று நீட்டினார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அதற்குப் பின் அவர் ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இதைப் படிக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என்னிடம் படித்தவர்கள்.

சரி, ஸ்டான்லிக்கு வருகிறேன். 1968-இல் ஊர்க்காரர்கள் கூடிக் கிளப்பை மீண்டும் ஆரம்பித்தார்கள். புது மைதானம், கடைசிப் படியில் இருந்து ஆட்டம். ஒரு பால் விளம்பரத்தில்கூட "யார் அவர்கள்?" என்று கேட்டு நாடே சிரித்ததாம். 1999-இல் ஜான் கோல்மேன் என்பவர் பயிற்சியாளராக வந்தார். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர்! (நம் ஆள் என்று பேரனிடம் பெருமையடித்தேன்.) ஒவ்வொரு படியாக ஏற்றி, 2006-இல் அணியை மறுபடி லீக்குக்குள் கொண்டுவந்தார். 1962-இல் ஸ்டான்லியின் இடத்துக்கு எடுக்கப்பட்ட அணி ஆக்ஸ்போர்டு யுனைடெட். 2006-இல் ஸ்டான்லி உள்ளே வந்தபோது லீக்கில் இருந்து கீழே இறங்கியவர்களில் அதே ஆக்ஸ்போர்டும் ஒன்று. கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

2018-இல் நான்காம் பிரிவில் சாம்பியன் ஆகி மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள். 2023-இல் திரும்ப இறங்கிவிட்டார்கள். சுமார் ஐயாயிரம் பேர் கொள்ளும் மைதானம்தான். நாங்கள் போன அன்று நல்ல குளிர், தூறல். சூடான இறைச்சி பை ஒன்றைப் பேரன் வாங்கித் தின்றான், எனக்கு டீ. பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர் சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றி உட்கார்ந்திருந்தார். பழைய அணியைப் பார்த்திருக்கிறீர்களா என்று மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். பையனாக இருந்தபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். அணி திரும்பி வந்தபோது அப்பா இல்லை என்றார். அதற்குள் கோல் விழுந்துவிட்டது, எங்கள் பக்கத்துக்கு. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார், நானும்தான்.

அன்று தோற்றோம். ஊருக்கு வந்த பிறகும் சனிக்கிழமை இரவானால் பேரன் வாட்ஸ்அப்பில் ஸ்கோர் அனுப்புகிறான். நேற்று ஒன்றுக்கு ஒன்று, டிரா. "தாத்தா, நம்ம டீம் தோக்கல" என்று எழுதியிருந்தான்.