பழைய சட்டையும் புதுச் சட்டையும்



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து யாவரும் கலைந்தபின், ஒரு வாலிபன் மட்டும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வேலைக்காக வந்து, சேலையூரில் மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவன். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். "எனக்காக ஜெபியுங்கள் ஐயா" என்றான். என்ன காரியம் என்று விசாரித்தபோது தன் கைபேசியைத் திறந்து காட்டினான். காலணி, கைக்கடிகாரம், சட்டைகள், அந்தக் கைபேசி ஆகிய யாவும் கடன் அட்டையில் வாங்கப்பட்டவை. நிலுவை 38,000 ரூபாய். ஐந்து மாதங்களாகக் குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டிவந்திருக்கிறான். வீட்டுக்குப் பணம் அனுப்பி இரண்டு மாதம் ஆகிவிட்டது. சம்பளம் தாமதமாகிறது என்று தாயாரிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

நான் உடனே ஆடம்பரத்தின் தீமையைக் குறித்து அவனுக்கு எடுத்துரைத்தேன். குறுக்கிடாமல் கேட்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் இப்படிச் சொன்னான்: "ஐயா, இந்தச் சபைக்கு வந்த முதல் மூன்று வாரமும் பழைய சட்டையில்தான் வந்தேன். ஒருவரும் என்னோடு பேசவில்லை. புதுச் சட்டை போட்டு வந்த அன்று நீங்களே தேடி வந்து கை கொடுத்து, எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டீர்கள்."

அந்த ஞாயிறு எனக்கு நினைவில்லை. ஆயினும் அவன் சொன்னது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் அணிந்து வருகிறவனுக்கு நல்ல இடமும், கந்தையோடு வருகிற தரித்திரனுக்குக் கீழிடமும் கொடுப்பதைக் கடிந்துகொள்ளும் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அந்தப் பிரசங்கம் எனக்கே திரும்பி வந்தது.

முதலில் கடனைக் கவனித்தோம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நம் மூப்பர் ஒருவர் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்த அட்டைக்கு மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. 38,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,330. அந்த வட்டியின்மேல் 18 சதவீத வரி ஏறக்குறைய 239. அவன் கட்டிய குறைந்தபட்சத் தொகை 1,900. ஆக, அவன் கட்டியதில் 330 ரூபாய் அளவே கடனைக் குறைத்தது. நிலுவை இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள்முதல் வட்டி ஓடும் என்பதையும் அவன் அறிந்திருக்கவில்லை. வங்கியோடு பேசி, நிலுவையைக் குறைந்த வட்டியில் நிலையான தவணைகளாக மாற்றிக்கொண்டான். அன்றிரவே தாயாரிடம் உண்மையைச் சொன்னான்.

எனினும் ஒரு கேள்வி மீதியிருந்தது. இனி அவன் வெளிறிய சட்டையோடும் தேய்ந்த செருப்போடும்தான் திரிய வேண்டுமா? இருபத்துமூன்று வயதில் நன்றாகத் தோன்ற விரும்புவதைப் பாவம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. காட்டுப் புஷ்பங்களை உடுத்துவிக்கிற தேவன் அழகைப் பகைக்கிறவர் அல்லர்.

நம் பாடகர் குழுவில் ஒரு சகோதரி உண்டு. தனியார் பள்ளி ஆசிரியை. அவளைவிட நேர்த்தியாக உடுத்துகிறவர்கள் நம் ஆலயத்தில் குறைவு. "சம்பளம் முழுவதும் துணிக்கே போகும்போலும்" என்று ஒருமுறை என் மனைவியிடம் நான் சொன்னதுண்டு. இந்த வாலிபனுக்கு உதவும்படி அவளிடம் விசாரித்தபோதுதான் என் இரண்டாம் பிழையும் எனக்குத் தெரிந்தது. அவள் சம்பளம் 18,000 ரூபாய். உடைக்கென மாதம் 500 ரூபாயை ஓர் உறையில் வைக்கிறாள். அதில் இருப்பதற்கு மேல் வாங்குவதில்லை.

அவள் சொன்னவற்றை உங்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

வெள்ளை, கருநீலம், கடுகு மஞ்சள் என்னும் மூன்று நிறங்களுக்குள்ளேயே அவள் உடைகள் அமைகின்றன. ஐந்து மேலாடைகளும் மூன்று கீழாடைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதால் பதினைந்து விதமாக உடுத்த முடிகிறது. பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் நடக்கும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பள்ளி விட்டபின் போவாள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கழுத்துப் பட்டையும் கைக்குழியும் நைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். தையலை உட்புறம் திருப்பிப் பார்ப்பாள். பிறகு மேற்குத் தாம்பரத்தில் ஒரு தையற்காரரிடம் கொடுத்துத் தோளையும் இடுப்பையும் தன் அளவுக்குப் பிடித்துக்கொள்வாள். "விலையுயர்ந்த சட்டை அளவில்லாமல் இருந்தால் இரவல் வாங்கியதுபோல் தெரியும் ஐயா, 200 ரூபாய்ச் சட்டை அளவாக இருந்தால் அதன் விலையை யாரும் கேட்கமாட்டார்கள்" என்றாள். நான் மெச்சிய அந்த நீலக் குர்தி, அவள் தாயாரின் பழைய கைத்தறிச் சேலையாம்.

வாங்குவதைவிடப் பேணுவதில்தான் அவள் அதிகம் கவனம் செலுத்துகிறாள். நம் ஊரின் வியர்வையும் புழுக்கமும் துணியைச் சீக்கிரம் கெடுக்கும். ஆகையால் வீடு திரும்பியதும் உடையைக் காற்றாடத் தொங்கவிடுகிறாள். உட்புறம் திருப்பி நிழலில் உலர்த்துகிறாள். அறுந்த பொத்தானை அன்றைக்கே தைக்கிறாள். ஒரே ஒரு ஜோடி நல்ல தோல் செருப்பு. அடி தேய்ந்தால் தைத்துக்கொள்கிறாள். வாடகை அறையில் அவள் அமரும் நாற்காலியும் சந்தையில் 350 ரூபாய்க்கு வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தானே வார்னிஷ் பூசியது.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறாள். 1,800 ரூபாய்ச் சட்டையை ஆறு முறை அணிந்தால் ஒரு முறைக்கு 300 ரூபாய். 600 ரூபாய்க் கைத்தறிச் சட்டையை அறுபது முறை அணிந்தால் ஒரு முறைக்குப் பத்து ரூபாய். கைத்தறித் துணிக்குக் கோ-ஆப்டெக்ஸில், மாதந்தோறும் முன்கூட்டிச் செலுத்திவிட்டுப் பின்பு வாங்கும் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். பொருளை முதலில் எடுத்துக்கொண்டு பின்பு வட்டியோடு கட்டிய நம் தம்பி இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமலிருந்தான்.

நம் தமிழ்க் கிறிஸ்தவரில் ஒருவரையும் இங்கே நினைவுகூருகிறேன். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, மேனாட்டு உடையில் பம்பாயில் வாழ்ந்தவர். 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார். கதர் உடுத்தியும் அவர் ஏனோதானோவென்று இருந்துவிடவில்லை. வேட்டியையும் பைஜாமாவையும் இணைத்து, தோத்திஜாமா என்னும் தமக்கே உரிய உடையை வகுத்துக்கொண்டார். யார் நெய்தார், அவருக்குக் கூலி கிடைத்ததா, இது எத்தனை நாள் உழைக்கும் என்பவை அவருடைய கேள்விகள். நம் வாலிபரும் கடைக்குள் நுழையுமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் தொற்காள் மரித்தபோது, அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டினார்கள். ஆடை அன்புக்குச் சாட்சியாயிற்று. நம் ஆலய அறையில் நெடுநாளாக மூடிக்கிடந்த தையல் இயந்திரத்தை அந்தச் சகோதரி இப்போது எண்ணெயிட்டு ஓட்டுகிறாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் வாலிபர் தங்கள் உடைகளைக் கொண்டுவந்து திருத்திக்கொள்ளலாம். தங்களுக்குச் சிறுத்துப்போனதைப் பிறருக்குக் கொடுக்கலாம். சென்ற முறை நம் தம்பி தன் பழைய சட்டைக்குத் தானே கழுத்துப் பட்டை திருப்பித் தைத்தான். தையல் கொஞ்சம் கோணல்தான்.

மறுநாள் ஞாயிறு அந்தச் சட்டையோடே வந்தான். நான் ஆராதனைக்கு முன்பே கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே அவனுக்கு அருகில் புதிதாக ஒருவர், சாயம் போன சட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னை முந்திக்கொண்டு அவன் அவருக்குக் கை கொடுத்து, எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பிரியமானவர்களே, வருகிற ஞாயிறு ஆலயத்துக்குள் நுழையும்போது யாரிடம் முதலில் பேசுகிறீர்கள் என்று உங்களையே கவனித்துப் பாருங்கள். நானும் என்னைக் கவனித்துக்கொள்கிறேன். கர்த்தர் நம் கண்களைச் சுத்தமாக்குவாராக. ஆமென்.