64 பற்களுக்குள் ஒரு முடிவு

ஜனவரி 6, 2024, சனி

பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டிக்கு இந்த ஆண்டின் ஆட்டம் வெளியாகிவிட்டது. பெயர் கிரெசெண்டோ. டெட்ராய்ட் பக்கத்துப் பள்ளிக்கூடப் பட்டறையில் பிள்ளைகள் எல்லோரும் ஆரஞ்சு நிற நுரை வளையத்தை எப்படி எறிவது என்பதிலேயே இருந்தார்கள். என் கண் போனது மைதானத்தின் தரைப்படத்தின் மேல். மைதானம் சுமார் 16.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் அகலம். வளையம் தரும் இடம் ஒரு கோடியில், அதை எறிய வேண்டிய ‘ஸ்பீக்கர்’ மறுகோடியில், நடுவில் ‘ஸ்டேஜ்’ என்ற சட்டகம் காலூன்றி நிற்கிறது. இரண்டரை நிமிட ஆட்டத்தில் பெரும்பகுதி நேரம் ரோபோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். எறிகருவி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஓட்டம் சரியில்லை என்றால் பயனில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

நான்கு நியோ மோட்டார்கள், ஆறு அங்குலச் சக்கரங்கள் என்று முடிவானது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தமிழ் வீட்டுப் பிள்ளை, “அங்கிள், ஏன் நேரா சக்கரத்தையே மோட்டார்ல மாட்டக் கூடாது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

சுமை இல்லாதபோது நியோ நிமிடத்துக்கு 5,676 முறை சுற்றும். அச்சை அசையவிடாமல் பிடித்தால் 2.6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கும். அப்போது 105 ஆம்பியர் இழுக்கும். வேகம் ஏற ஏற விசை நேர்கோடாகக் குறையும். சக்கரத்தை நேராக மாட்டினால் காகிதத்தில் விநாடிக்கு 45 மீட்டர் வேகம் வரும். ஆனால் 68 கிலோ வண்டியை விரைவாகக் கிளப்பும் அளவுக்கு விசை இருக்காது. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குவதற்குத்தான் கியர்.

போட்டிக் கிட்டில் வரும் டஃப்பாக்ஸ் மினி கியர் பெட்டியின் விகிதம் 10.71. 5,676-ஐ அதனால் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 530 சுற்று. ஒரு சுற்றுக்கு 47.9 சென்டிமீட்டர் நகரும். ஆக, விநாடிக்கு 4.23 மீட்டர். பெருக்கலையும் வகுத்தலையும் அவளே செய்து முடித்தாள்.

ஜனவரி 11, வியாழன்

10.71 எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தோம். முதல் அடுக்கில் 14 பல் சக்கரம் 50 பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இரண்டாவதில் 16 பல் 48-ஐ. அதே பெட்டிக்கு 12.75, 8.45 என்றும் விகிதங்கள் உண்டு: இரண்டாம் அடுக்கில் 14–50 வைத்தால் முன்னது, 19–45 வைத்தால் பின்னது.

எந்த ஜோடியைக் கூட்டினாலும் 64 வருகிறது. பல்லின் அளவு ஒன்றே என்பதால், கூட்டுத்தொகை மாறாதவரை இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள தூரமும் மாறாது. அதனால் துளை எதையும் மாற்றாமலே விகிதத்தை மாற்றலாம். வடிவமைத்தவரின் கைத்திறன் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. 16-க்கு 48 சரியாக மூன்று மடங்கு. அதே பற்கள் அதே பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். 19-க்கும் 45-க்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுஎண் இல்லை. ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் தொட்டுவரும், தேய்மானமும் பரவலாகிவிடும்.

ஜனவரி 15, திங்கள்

மார்ட்டின் லூதர் கிங் நாளுக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் பொங்கல் பொங்கியதும் பட்டறைக்கு வந்துவிட்டேன்.

பிள்ளைகள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு கட்சிக்கு 8.45 வேண்டும், உச்சவேகம் விநாடிக்கு 5.36 மீட்டர் என்பதால். மற்றதற்கு 12.75, வேகம் 3.55 தான், ஆனால் தள்ளுவிசை அதிகம். உச்சவேகத்தை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை என்றேன். ரோபோ நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறது. உச்சவேகத்தைத் தொடுவதற்குள் நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டால் அந்த எண்ணால் என்ன லாபம்? எத்தனை மீட்டர் ஓடப் போகிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள் என்றேன்.

மோட்டார் ஒன்றுக்கு 40 ஆம்பியர் வரம்பு, கியரில் பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டோம். 3 மீட்டர் ஓட 10.71-க்கு 1.04 விநாடி, 8.45-க்கு 1.07, 12.75-க்கு 1.08. மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான்! ஒன்றரை மீட்டரில் 12.75 ஒரு மயிரிழை முந்துகிறது. 10 மீட்டருக்குப் போனால் கதையே வேறு: 8.45-க்கு 2.41, 10.71-க்கு 2.70, 12.75-க்கு 3.05.

அறையில் சத்தம் அடங்கியது. தரைப்படத்தை விரித்து, வளையம் வாங்கி வரும் பாதையை ஒவ்வொருவரும் பென்சிலால் வரைய ஆரம்பித்தார்கள். இதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் நடத்தியதாக நினைவில்லை.

ஜனவரி 20, சனி

பேட்டரி பற்றிப் பேசாமல் விகிதம் பேச முடியாது. 12 வோல்ட், 18 ஆம்பியர் மணி. முதன்மை பிரேக்கர் 120 ஆம்பியர். சில விநாடிகளுக்கு அதைவிட அதிகமாகவும் அது தாங்கும். பிரச்சினை மின்னழுத்தம். ஒரே நேரத்தில் எல்லா மோட்டாரும் இழுத்தால் வோல்ட் சரிந்து, 7-க்கும் கீழே ஓர் எல்லையைத் தொடும்போது, கட்டுப்பாட்டுக் கணினியான ரோபோரியோ தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களை நிறுத்திவிடும். 10.71-ல், தரைவிரிப்பில் சக்கரம் வழுக்கும் எல்லைவரை தள்ள வேண்டுமென்றால் மோட்டாருக்கு 54 ஆம்பியர் ஆகும். 8.45-ல் அதே தள்ளலுக்கு 68. ஆகவே 40 வரம்போடு 8.45 எடுத்தால், தள்ளுமுள்ளில் நாம் தோற்போம். ஐந்தில் ஒரு பங்கு விசையைக் கொடுத்துவிட்டு நாலில் ஒரு பங்குக்கும் சற்று மேலான வேகத்தை வாங்குகிறோம்.

என் கருத்தைச் சொன்னேன்: இந்த ஆட்டத்துக்கு 8.45. எதிரணி குறுக்கே வந்தால் முட்டக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஓட்டப்போகும் மாணவி ஒப்புக்கொண்டாள்.

பிப்ரவரி 10, சனி

வெறும் சட்டகத்தில் இரும்புக் கட்டிகளை ஏற்றி 68 கிலோ ஆக்கி, விரிப்பின் மேல் ஓட்டினோம். 8.45 பத்து மீட்டரை 2.8 விநாடியில் கடந்தது, 10.71 பூட்டியபோது 3.1. காகிதத்தைவிட இரண்டும் மெதுவாகத்தான் வந்தன. உராய்வும் வோல்ட் சரிவும் கணக்கில் இல்லையே. ஆனால் இடைவெளி அதே 0.3 விநாடி.

8.45 பூட்டியபடி இருக்கட்டும். உதிரிப் பெட்டியில் இரண்டு பக்கத்துக்கும் 16–48 ஜோடிகளை எண்ணெய் தடவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எதிரணிகள் எங்களைத் தள்ளியே ஆட்டத்தைக் கெடுத்தால், மதிய இடைவேளையில் மாற்றிவிடலாம். அடுத்த வாரம், அன்று கேள்வி கேட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவியே பெட்டியைத் திறந்து மாற்றிப் பழகப் போகிறாள்.